பத்து நிமிஷ நாற்காலி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த நாற்காலி என் யோசனை.

யோசனை மட்டுமல்ல, நாற்காலியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடையில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, ஒரு கால் மட்டும் குட்டையாகி இடப்பக்கம் சாய்கிற நீல நாற்காலி ஒன்றைப் பொறுக்கினேன். கடைக்காரர் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இதுதான் வேண்டும் என்றேன். உட்காருகிறவன் ஆடினால் ஜனம் சிரிக்கும். என் மூளை அந்தத் தூரம் வரைதான் ஓடும். அதற்கு மேல் ஓட்டினால் சூடாகிவிடும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மைதானத்தில் போன சீசன் நடந்த செவன்ஸ் பந்தயத்தில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் எங்கள் ஊர்க் கால்பந்தில், அந்த நாற்காலியில் ஒரே ஒருவன்தான் உட்கார்ந்தான். அவன் என் சிநேகிதன். இப்போது அவன் தெருவில் என்னைக் கண்டால் செல்போனை எடுத்துப் பார்க்கிறான். அந்த போனில் பேட்டரி இருக்கிறதோ இல்லையோ, பார்க்கிறான்.

அந்த மாலை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மதியம் பெய்த மழையில் ஊறிய மண், பக்கத்துக் கிடங்கிலிருந்து வரும் சுக்கு வாசனை, சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் வாடை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து, முழங்கால் வரை சேற்றோடு, நாலாம் நம்பர் ஜெர்சியில் மாரிமுத்து என் மேஜையை நோக்கி நடந்து வருகிறான். கவுங்கு, அதாவது பாக்குமரத் தடியில் கட்டிய கேலரி முழுக்கக் கைதட்டுகிறது. கோல் போட்டவனுக்குக்கூட அன்று அப்படிக் கைதட்டவில்லை.

அவன் நடந்து வரட்டும். வருவதற்குள் சில பழைய விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

வாய் மட்டும் ஆடிய ஆட்டம்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு மேட்ச் ஆடியிருக்கிறேன். கோல் கீப்பர். ஒன்பது கோல் வாங்கினேன். எட்டை எதிரணி போட்டது. ஒன்பதாவதை நான் போட்டேன். பந்தைத் தூர எறியக் கையைப் பின்னால் ஓங்கினேன், அது நழுவி என் வலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு யாரும் என் கையில் பந்து தரவில்லை. மைக் தந்தார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பகலில் ஜூ டவுனில், பழைய யூதர் தெருவில், ஒரு மிளகுக் கிடங்கில் ஏற்றுமதிக் காகிதம் எழுதும் குமாஸ்தா. சாயங்காலமானால் மைக். மாதா கோயில் திருநாள், அம்பலத்து உற்சவம், பள்ளிவாசல் நேர்ச்சை, எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை. காணாமல் போன குழந்தை, வழியை அடைத்து நிற்கும் கார், தொலைந்த சாவிக்கொத்து, எது போனாலும் நான்தான் கூவ வேண்டும். ஒரு தடவை என் செருப்பு போனது. அதையும் நானே அறிவித்தேன். திரும்பி வந்தது ஒன்று மட்டும்.

என் மலையாளத்தில் தமிழ் வாடை உண்டு. வீட்டில் நான்கு தலைமுறையாகத் தமிழ், வெளியே மலையாளம் என்று வாழ்ந்ததின் விளைவு. ஜனம் அதைக் கேட்டுச் சிரிக்கும். சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாடையை நான் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். 'சாமி மைக்கில் இருந்தால் மேட்ச் மோசமானாலும் மோசமில்லை' என்று பெயர். இந்தப் பெயரைச் சம்பாதிக்க நான் யாரை எல்லாம் தின்றேன் என்று அப்போது யோசித்ததில்லை.

மூலை எங்கே?

நாற்காலி வந்ததற்கு முந்தின வருஷம், ரெஃப்ரியைத் திட்டிய ஒருவனுக்குச் சிவப்பு அட்டை காட்டப் போய், மைதானத்துக்குள் கேலரி இறங்கிவிட்டது. கோல் போஸ்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வாரம் கழித்து அது ஒருவர் வீட்டில் கொடிக்கம்பமாக, துணி காயப்போட்டபடி கிடைத்தது.

அதனால் போன சீசனுக்கு முன் கமிட்டி கூடியது. மேஜையில் பொரோட்டாவும் இறைச்சியும். எனக்கு மட்டும் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. பேச்செல்லாம் மலையாளம்தான். வாசனையை மட்டும் விட்டுவைத்துத் தமிழில் தருகிறேன்.

"மஞ்சக் கார்டு காட்டினா சிரிக்கறான். சிவப்பு காட்டினா அடிக்க வரான்" என்றார் ஜோஸி சேட்டன். இடக்கொச்சியில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர், எங்கள் ரெஃப்ரி. "நடுவுல ஒரு சாதனம் வேணும்."

அந்த நடுவான சாதனத்தை நான்தான் எடுத்து வைத்தேன். வெளிநாட்டில் சின்ன மைதானங்களில் இப்படிச் செய்வதாக டிவியில் பேசிக்கொண்டார்கள். வாய் மீறுபவனைப் பத்து நிமிஷம் வெளியே உட்கார வைப்பது. ஆள் ஆறுவான், திரும்பி வந்து ஆடுவான். ஏழு பேரில் ஒருவனை ஒரேயடியாக அனுப்பினால் ஆட்டமே செத்துப்போகிறது. பத்து நிமிஷம் என்றால் அணிக்கும் வலிக்கும், ஆட்டமும் பிழைக்கும். இரக்கமான தண்டனை என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

"குழந்தையை மூலையில நிக்க வைக்கற மாதிரி" என்று விளக்கமும் கொடுத்தேன்.

செகரட்டரி நவாஸிக்கா மரக்கடைக்காரர். எதையும் அளந்து பேசுவார். "மூலை எங்க சாமி? நம்ம கிரவுண்டுக்கு நாலு பக்கமும் ஆளு."

தண்டனை வாங்கியவன் எங்கே உட்காருவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. எங்கள் மைதானத்தில் உடைமாற்றும் அறை கிடையாது. வேலி கிடையாது. கோட்டுக்கு ஒரு முழம் தள்ளினால் ஜனத்தின் கால் விரல்.

"என் மேஜைக்குப் பக்கத்துல போடலாம்" என்றேன். "நான் பார்த்துக்கறேன்."

"டைம் யார் பார்ப்பா?" என்றார் ஜோஸி சேட்டன். "எனக்கு மேட்ச் டைம் பார்க்கவே கண்ணு போதலை."

"அதுவும் நானே பார்க்கறேன். பத்து நிமிஷம் ஆனதும் மைக்ல சொல்றேன். நான் சொன்னாத்தான் அவன் உள்ள போகலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு வேலையை ஒருவன் கேட்டு வாங்கினால் எங்கள் கமிட்டி எப்போதும் தலையாட்டும். பழம்பொரி இன்னொன்று என் பக்கம் நகர்ந்தது.

காலைச் சாயா

மாரிமுத்துவின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். மாரி இங்கேயே பிறந்தான். டைல்ஸ் போடுவதில் கெட்டிக்காரன். எங்கள் வீட்டுக் குளியலறைத் தரை அவன் கைவேலைதான். தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு நிற்காமல் வழி கேட்டுக்கொண்டு போய்விடும்.

எங்கள் தெரு அணிக்கு அவன் பதினைந்து வருஷமாக ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவன். அத்தனை வருஷத்தில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "கால வெட்டாம பந்தப் புடிக்கணும் சாமி. வெட்டித்தான் புடிக்கணும்னா கறிக்கடை வச்சிருப்பேன்" என்பான்.

தினமும் காலை ஆறரைக்கு நானும் அவனும் ஒரே பெஞ்சில் சாயா குடிப்போம். அவன் படித்தது மலையாளப் பள்ளி. தமிழ் பேசுவான், படிக்க வராது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடர் வெளிவரும் நாளில் அதைக் கொண்டுபோய் அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். நான் என்னையே கேலி செய்துகொள்ளும் இடங்களில் எல்லாம் சிரிப்பான். ஒரு தடவை சொன்னான்: "உங்கள நீங்களே கிண்டல் பண்ணிக்கிடறதுல ஒரு சௌகரியம் இருக்கு சாமி. அடுத்தவனுக்கு சான்ஸ் கிடையாது."

அன்று அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வேலி

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு ஆசையில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவனை இங்கே 'பாண்டி' என்று குத்துவார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் வாயில் வைத்திருப்பவர்கள் வைத்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் என்னையும் ஒருவன் அப்படிச் சொன்னான். அழுதுகொண்டு வந்தேன்.

அப்பா அப்போது சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அவாளைச் சொல்றது. நம்மளை இல்லை. நாம இங்க நாலு தலைமுறை" என்றார்.

என் அழுகை உடனே நின்றது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சொல் தப்பு என்று அப்பா சொல்லவில்லை, விலாசம் தப்பு என்றுதான் சொன்னார். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஐம்பது வருஷம் ஆயிற்று. அப்போதும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

கடிகாரம் என் கையில்

இப்போது அந்த மாலைக்குத் திரும்பலாம். அரையிறுதி. இரண்டாம் பாதி. ஒன்றுக்கு ஒன்று.

அதுவரை நடந்த மேட்ச்களில் நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் தினமும் அதற்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். 'சிம்மாசனம் காத்திருக்கிறது, இன்று யாருக்கு யோகம்' என்று. கேலரி ஒரு ஆளுக்காக ஏங்கிப்போயிருந்தது. யாராக இருந்தாலும் சரி.

எதிரணியின் பதினொன்றாம் நம்பர் ஒவ்வொரு கார்னரிலும் மாரியின் காதருகே எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். மாரி இரண்டு தடவை ஜோஸி சேட்டனிடம் போய்ச் சொன்னான். "நான் கேக்கலை, ஆடு" என்று அவர் அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை மாரி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டான்.

"அவன் என்ன சொல்லுதான்னு பக்கத்துல நின்னு கேட்டுட்டு விசில் ஊதுங்க சாரே" என்று கத்தினான். பந்தைத் தரவில்லை. ஜோஸி சேட்டன் கையை நீட்டினார். தரவில்லை. அவர் விசிலடித்து, நாற்காலியைக் காட்டினார்.

கேலரி எழுந்து நின்று கைதட்டியது அப்போதுதான்.

மாரி வந்து உட்கார்ந்தான். நான் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். அவன் என் பக்கம் குனிந்தான். நான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"பாண்டின்னு விளிக்கான் சாமி. மூணு தடவ. உங்களுக்காவது புரியுமில்ல" என்றான்.

புரிந்தது. மைக்கைப் பொத்தியிருந்ததால் நன்றாகவே கேட்டது. தலையை ஆட்டினேன்.

பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்தேன்.

நாற்காலி இடப்பக்கம் சாய்ந்தது. லெவல் இல்லாத எதிலும் அவனால் இருக்க முடியாது, தொழில் அப்படி. குனிந்து ஒரு சப்பைக் கல்லை எடுத்துக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தான். நாற்காலி நேராக நின்றது. "டைல்ஸ் மேஸ்திரி உட்காரும்போதும் லெவல் பார்க்கிறார்" என்று அறிவித்தேன். நல்ல சிரிப்பு. அவனும் லேசாகச் சிரித்தான். அங்கே நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

நான் காலை நீட்டி அந்தக் கல்லைத் தட்டிவிட்டேன். நாற்காலி மறுபடி சாய்ந்தது. கேலரியில் விசில் பறந்தது.

சிரிப்பு வரும்போது ஒரு மைக்குக்காரனுக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று வைத்தியர்கள் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அடுத்தது வேண்டியிருந்தது. இதைவிடப் பெரியது. அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஒரு நிமிஷம் முன்பு அவனே என் காதில் போட்டது.

"பாண்டி லோறிக்கு இங்கே பத்து நிமிஷம் ஹால்ட்" என்றேன்.

முப்பது வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. பதினொன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தவன் நின்று, என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

"சாமி" என்றான் மாரி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

என் வாய் ஓடிக்கொண்டே இருந்தது. லோறிக்கு டயர் பஞ்சரா, டிரைவருக்குத் தூக்கமா, செக்போஸ்டில் காகிதம் சரியா என்றெல்லாம். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நடுவில் அவன் ஒரு தடவை கேட்டான்: "ஆச்சா சாமி?"

அதையும் மைக்கில் சொன்னேன். "வீட்டில் புளிக்குழம்பு ஆறிப்போகுதாம், அவசரப்படறார்." அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

எங்கள் அணி மேனேஜர் அந்தப் பக்கக் கோட்டில் நின்று மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாராம். ஏதோ கத்தினாராம். என் ஸ்பீக்கர் பாடும்போது மனிதக் குரல் எப்படிக் கேட்கும். ஜோஸி சேட்டன் நான் சொல்வேன் என்று இருந்தார். நான் சொல்லவில்லை.

அப்போதுதான் பதினொன்றாம் நம்பர் நடுவில் புகுந்து கோல் போட்டான். நாலாம் நம்பர் நிற்க வேண்டிய இடத்தின் வழியாக. அங்கே சேற்றில் மாரியின் பூட்ஸ் தடம் மட்டும் இருந்தது.

கோலை அறிவித்துவிட்டுத்தான் செல்போனைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'நேரம் ஆயிற்று, உள்ளே போ' என்று சொல்ல நாலு வார்த்தை. என் வாயில் அன்று எத்தனை ஆயிரம் வார்த்தை போயிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் ரெண்டு நிமிஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கோல் என் கணக்கில் வந்துவிடும். என் வாழ்க்கையின் பத்தாவது கோல். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது. அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்குக்கு முன் ஆட்டத்தை முடித்துவிடுவது வழக்கம். கடைசி விசில் ஊதியபோது மாரி அந்த நாற்காலியிலேயே இருந்தான்.

எழுந்தான். ஜெர்சியின் ஓரத்தால் நாற்காலியில் தன் சேறு பட்ட இடத்தைத் துடைத்தான். அந்தச் சப்பைக் கல்லைத் தேடி எடுத்து, குட்டைக் காலுக்கு அடியில் வைத்து, கையால் அழுத்திப் பார்த்து, நேராக்கிவிட்டுப் போனான். என் பக்கம் திரும்பவில்லை.

பொன்னாடை

இறுதி ஆட்டத்தன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புதிய முறை பெரிய வெற்றி என்று நவாஸிக்கா பேசினார். சீசன் முழுவதும் ஒரு அடிதடி இல்லை, கோல் போஸ்ட் இரண்டும் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. அடுத்த வருஷம் இரண்டு நாற்காலி போடலாம் என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் மைக் இருந்ததால் தட்டியது பெரிதாகக் கேட்டது.

மறுநாள் காலை ஆறரைக்குச் சாயாக்கடை பெஞ்சில் நான் மட்டும். அதற்கு மறுநாளும். மாரி பாலத்தடிக் கடைக்கு மாறிவிட்டான் என்று கடைக்காரர் சொன்னார். "அங்க சாயா நல்லா இருக்காது" என்றும் சொன்னார். அவன் அதைக் குடிக்கிறான்.

பந்தையும் விட்டான். ஜெர்சியை மேனேஜர் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். பதினைந்து வருஷம் ஒரு அட்டையும் வாங்காதவன் என்று இனி அவனைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் தெருவில் குழந்தைகள்கூட அவனைக் கண்டால் 'ஹால்ட், ஹால்ட்' என்று கத்துவதை நானே கேட்டேன். என்னுடைய குரலில், என்னுடைய தமிழ் வாடையோடு கத்தினார்கள். நன்றாகவே வந்தது.

தினமும் குளிக்கும்போது காலுக்கடியில் அவன் போட்ட தரை. ஒரு சொட்டு நிற்பதில்லை.

இப்போது பெரிய மேட்ச்களிலேயே இந்தத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று டிவியில் கோட் போட்டவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு வந்தால் ஜெயா, அதாவது என் மனைவி, ரிமோட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு எழுந்து போகிறாள்.

என்னைக் கேட்டால், எனக்கும் இன்னும் தெரியவில்லை. ரெஃப்ரியிடம் வாய்க்கு வந்தபடி பேசுபவனைச் சும்மா விட முடியாது. சிவப்பு அட்டை பெரிய கொடுமை என்று நான் சொன்னேன், இல்லையா? சிவப்பு வாங்கியவன் வீட்டுக்குப் போய்விடலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். பத்து நிமிஷக்காரன் அங்கேயே இருக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. இரக்கமான தண்டனை என்று பெயர் வைத்தவனை அதில் முதலில் உட்கார்த்திப் பார்த்திருக்க வேண்டும்.

கத்தினவன் உட்கார்ந்தான். காதில் சொன்னவன் கோல் போட்டான். விதி கத்தலைத்தான் கேட்கும், அதைப் பெரிய மைதானத்திலும் எப்படிச் சரி செய்வார்களோ. கோட் போட்டவர்கள் அதற்கு வரும்போது விளம்பரம் வந்துவிடுகிறது.

போன மாதம் புது சீசனுக்கு மறுபடி கமிட்டி கூடியது. பொரோட்டா, இறைச்சி, பழம்பொரி. நான் எழுந்து நின்றேன். பன்னிரண்டு நிமிஷத்தையும், கவிழ்த்து வைத்த போனையும் சொன்னேன். மைக்கில் நான் சொன்னது என்ன சொல் என்பதையும், அது எனக்குத் தெரிந்தே சொன்னது என்பதையும் சொன்னேன்.



"அது போன வருஷத்துக் கதை இல்லையா சாமி" என்றார் நவாஸிக்கா. "தமாஷுக்குச் சொன்னது தானே. விடு."

ஜோஸி சேட்டன் மட்டும் தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்கும் கேட்டது" என்றார். "அந்தப் பையன் சொன்னது. ரெண்டாவது தடவை." பிறகு இரண்டு நாற்காலிக்கு ஏற்பாடு செய்வது பற்றிப் பேச்சு போயிற்று.

ஈரம்

வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் எல்லாம் சொன்னேன். மாரியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றேன்.

"மைக் இல்லாம மாப்பு கேக்க உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள். "ஊரே கேக்கத் திட்டினேள். தனியாப் போய்க் காதுல மாப்பு சொன்னா ஆயிடுமோ?"

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் இந்தப் பத்திரிகை எத்தனை வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். கேலரி அளவுக்கு வராது. இருந்தாலும் என்னிடம் வேறு மைக் இல்லை.

இதுவரை எழுதியதை ஒரு பையில் போட்டுக்கொண்டு எர்ணாகுளம் பஸ் ஏறினேன். மாரி அங்கே ஒரு புது ஃப்ளாட்டில் வேலை செய்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஐந்தாவது மாடி. லிஃப்ட் இன்னும் மாட்டவில்லை. ஏறி முடித்தபோது மாப்பு கேட்க மூச்சு இல்லை.

மாரி கூடத்தில் முட்டி போட்டு, ரப்பர் சுத்தியலால் டைலைத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரசமட்டம். நான் உள்ளே காலை வைக்கப் போனேன்.

"அங்கயே நில்லுங்க" என்றான். "ஈரம்."

வாசலில் நின்றேன். உட்கார எதுவும் இல்லை. இரண்டு உதவியாளர்கள் சிமெண்ட் குழைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"எழுதியிருக்கேன் மாரி. வாசிக்கட்டுமா?"

"வாசிங்க."

வாசித்தேன். பழைய பழக்கம்போல ஒன்பதாவது கோல் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன், அவன் சிரிப்பதற்கு. சுத்தியல்தான் தட்டிக்கொண்டிருந்தது. அப்பா பொத்தான் தைத்த இடம் போயிற்று. கல்லைத் தட்டிவிட்ட இடம் போயிற்று. லோறி வந்த இடத்தில் என் குரல் போதவில்லை, மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்த இடத்தில் சுத்தியல் நின்றது.

"அது எனக்குத் தெரியும்" என்றான். மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

மீதியையும் வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். கீழே ரோட்டில் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவன் ரசமட்டத்தை டைலின் மேல் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுமா உக்காந்திருந்தே?" என்றேன். "எழுந்து போயிருக்கலாமேடா. போகட்டும். தப்பெல்லாம் என்னோடது. நாளைக்குக் காலையில கடைக்கு வா. உன் ஜெர்சி மேனேஜர்கிட்டயே இருக்கு, இன்னும் யாருக்கும் கொடுக்கலை. வந்து ஆடு மாரி."

அவன் அடுத்த டைலை எடுத்து, பின்பக்கத்தைத் துடைத்தான்.

"நேரம் ஆச்சுன்னு நீங்க இன்னும் மைக்ல சொல்லலயே சாமி."